சனிக்கிழமைச் சங்கு

சந்தியாகோ,
3 நவம்பர் 2018

அன்புள்ள சுனில்தா அண்ணிக்கு,

நெரெய்தா எழுதுவது. உறை மேல் இருக்கிற கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். தெரிந்தும் கிழித்துப் போடாமல் இருந்தால் இந்த வரி வரைக்கும் வந்திருப்பீர்கள். அதற்கே நன்றி.

நேற்று கல்லறைத் திருநாள். இங்கே சித்தி மகள் லிசெத் வீட்டில் எல்லாரும் பூ வாங்கிக்கொண்டு அவரவர் கல்லறைக்குப் போனார்கள். எனக்குப் போக இங்கே ஒரு கல்லறையும் இல்லை. என் அண்ணன் ஃபானியோ நம்ம ஊர் லாஸ் ஊவாஸ் மண்ணில் கிடக்கிறான். அவன் தலைமாட்டில் ஒரு மெழுகுவத்தி கொளுத்தி வைக்க எனக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபோனில் கேட்டிருக்கலாம். பதினோரு தடவை அடித்தேன். பதினோரு தடவையும் துண்டித்தீர்கள். கடைசியில் நம்ம ஊர் பஸ் ஓட்டும் தினோதான், "காகிதத்துல எழுதிக் குடு நெரெய்தா, நான் கொண்டுபோய்க் கையில குடுக்கறேன். காகிதத்தைக் கட் பண்ண முடியாதில்ல" என்றார்.

நான் இங்கே லிசெத்தின் பியூட்டி பார்லரில் தரை பெருக்குகிறேன், துண்டு துவைக்கிறேன், வருகிறவர்களுக்கு நாளெல்லாம் காபி ஊற்றிக் கொடுக்கிறேன். நான் மட்டும் குடிப்பதில்லை என்பதை இவர்களால் நம்பவே முடியவில்லை. "ஏம்மா, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்கிறார்கள். இந்த ஊரில் கடல் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலையும் கட்டடமும்தான். முதல் மாதம் அது எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது இல்லை.

நான் செய்த காரியத்தை ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் என் கையால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

மூட்டைக்காரிகள் என்று ஊர் எங்களைக் கேலி செய்தது. நாங்கள் ஏழு பேர். சனிக்கிழமை தோறும் கரையில் ஒதுங்கும் பாசி, பிளாஸ்டிக், அறுந்த வலை எல்லாவற்றையும் அள்ளி மூட்டை கட்டினோம். ஏழு பேரால் ஆகிற வேலையா அது? ஆள் கூப்பிட வீடு வீடாக ஏறி இறங்கினேன். "வர்றோம் வர்றோம்" என்பார்கள், ஒருத்தரும் வர மாட்டார்கள். அப்புறம் அண்ணன் கொடுத்த படகுச் சங்கை எடுத்துக் குட்டையாக இரண்டு தடவை ஊதினேன். மீன் வந்திருக்கிறது என்று நினைத்து நாலு பேர் தட்டோடு வந்து, என்னைத் திட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதற்கப்புறம்தான் மூன்று நீளமாக ஊதினேன்.

மூன்று நீளம் கேட்டால் கடலில் யாரோ ஆபத்தில் இருக்கிறார்கள், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஊரே கரைக்கு ஓட வேண்டும். பிறந்ததிலிருந்து நமக்கு அது தெரியும். ஓடி வந்தார்கள் அண்ணி. முகத்தில் பாதிச் சவரத்தோடு ஒருத்தர், தலையில் முடி சுருட்டும் குழலோடு நாலு பெண்கள். வந்து பார்த்தால் நான் கையில் சாக்கோடு நிற்கிறேன். வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அப்புறம் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நாற்பது மூட்டை நிரப்பினார்கள். அடுத்த சனிக்கிழமை பாதிப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை அதிலும் பாதி. ஆறாவது சனிக்கிழமை சங்கு கேட்டு யாரும் நடையைக்கூட எட்டிப் போடவில்லை. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை.

ஒன்பதாவது சனிக்கிழமை, போன வருஷம் அக்டோபர் பதினாலு, ஊதியது நான் இல்லை. பவளப்பாறைக்கு வெளியே கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு என் அண்ணன் ஊதினான். மூட்டைக்காரி கூப்பிடுகிறாள் என்று ஊர் திரும்பிப் படுத்துக்கொண்டது.

அவனை அடக்கம் செய்து ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால், "இவ மூட்டைக்கு என் புருஷனைக் காவு குடுத்துட்டேன்" என்றீர்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நீங்கள் சொன்னது பொய் இல்லை.

நான் திரும்பி வரலாமா? நீங்கள் வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் இனிமேல் எழுதக்கூட மாட்டேன்.

நெரெய்தா


லாஸ் ஊவாஸ்,
24 நவம்பர்

நெரெய்தா,

காகிதத்தைக் கட் பண்ண முடியாதுன்னு எவன் சொன்னான்? என் வீட்டுல அடுப்பு இருக்கு. தினோகிட்ட சொல்லி வை.

வரலாமான்னு கேக்குறே. வராதே. அவ்வளவுதான். எழுத வேற என்ன இருக்கு? ஆனா இவ்வளவு பெரிய காகிதத்துல ஒரு வார்த்தையை மட்டும் எழுதி அனுப்பினா தினோ என்னைப் பார்த்துச் சிரிப்பான், அதுக்காக மேல எழுதறேன்.

நீ போனதும் மூட்டைக்காரிங்க கலைஞ்சாச்சு. யாருக்கும் கரைப் பக்கம் போக முகம் இல்லை. பாசி இப்ப முழங்கால் வரைக்கும் கிடக்கு. அழுகி நாறுது. அந்த நாத்தத்துல என் சமையலறைப் பாத்திரமெல்லாம் கறுத்துப் போச்சு, எங்கம்மா குடுத்த வெள்ளிச் சிலுவைகூடக் கறுத்துப் போச்சு. தேய்ச்சா மறுநாள் மறுபடியும் கறுக்குது. மே மாசம் பெரிய ஆமை ஒண்ணு முட்டை போட வந்து, பாசி மேல ஏற முடியாம அரை மணி நேரம் தவிச்சிட்டுத் திரும்பிப் போச்சுன்னு பக்கத்து வீட்டு சாகோ வந்து சொன்னான். அவன் கண்ணுல தண்ணி. உங்கண்ணன் கூடத் தொழிலுக்குப் போனவன் இல்லையா, எதுக்கெடுத்தாலும் இப்ப அவனுக்குக் கண்ணுல தண்ணி வருது.

சங்கை யாரும் தொடறதில்லை. மீன் வந்தாக்கூட இப்பல்லாம் வாயாலதான் கத்துறாங்க. அந்தப் பெருமை உன்னைத்தான் சேரும்.

ஒண்ணே ஒண்ணு ஒத்துக்கறேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அன்னைக்கு ஊரே கிடந்தப்போ கரைக்கு முதல்ல ஓடினவ நீ. கவுந்த படகைப் பார்த்துக் கத்தினவ நீ. லேட்டுதான், ஆனா ஓடினே. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் உன் கடிதத்தை அடுப்புல போடாம இத்தனை வரி எழுதறேன். இல்லேன்னா உனக்கும் எனக்கும் பேச்சென்ன?

உன் சாக்கு முப்பது என் வீட்டு மூலையில கிடக்கு. அரிசிச் சாக்கைப் பிரிச்சு என் கையால தைச்சுக் குடுத்தது. பார்க்கப் பார்க்க வயிறு எரியுது. தினோ பஸ்ஸுல ஏத்தி விட்டிருக்கேன். பார்லர்ல முடி அள்ள உதவும், வெச்சுக்கோ நாத்தனாரே.

சுனில்தா


சந்தியாகோ,
15 டிசம்பர் 2018

அண்ணி,

சாக்குகள் வந்து சேர்ந்தன. ஒன்றை லிசெத் உண்மையாகவே முடி அள்ள எடுத்துக்கொண்டாள். நீங்கள் நினைத்தது நடந்தது, சந்தோஷம்தானே?

இனிமேல் எழுத மாட்டேன் என்று சொன்னேன். வாக்குத் தவறுகிறேன். வராதே என்றதற்காக இல்லை, அது உங்கள் உரிமை. ஆனால் அவன் உங்களுக்குப் புருஷன் ஆவதற்கு முன்னால் இருபத்து நாலு வருஷம் எனக்கு அண்ணன். எனக்கு நீச்சல் பழக்கியவன். அம்மா செத்தபோது எனக்குத் தலை பின்னிவிட்டவன், கோணல் மாணலாகத்தான் பின்னுவான், அதோடுதான் பள்ளிக்கூடம் போவேன். துக்கத்தை எல்லாம் நீங்களே வாரிக்கொண்டு எனக்குக் குற்றத்தை மட்டும் விட்டு வைத்தால் எப்படி?

அவன் மோட்டாரில் சுற்றியது என்ன என்று ஊரில் யாராவது பேசுகிறார்களா? யாரோ அறுத்து எறிந்த பழைய வலை. அந்த மாதிரி வலைகளைத்தான் நாங்கள் சனிக்கிழமை தோறும் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். ஊர் வந்து கை கொடுத்திருந்தால் அந்த வலையும் ஒரு மூட்டைக்குள் போயிருக்கும். இதைச் சொன்னால் நியாயம் பேசுகிறாள் என்பீர்கள். பேசத்தான் செய்கிறேன், எனக்கும் வாய் இருக்கிறது.

நீங்களும்தான் சிரித்தீர்கள் அண்ணி. முதல் சனிக்கிழமை மாவுக் கையோடு ஓடி வந்து, என்னைப் பார்த்து, "அடிப்பாவி, குப்பை அள்ளறதுக்கா என் பணியாரத்தைக் கருக விட்டே" என்று சிரித்து, அன்று சாயங்காலமே உட்கார்ந்து சாக்கு தைக்க ஆரம்பித்தீர்கள்.

எழுதிவிட்டேன். இப்போது கோபம் இறங்கிவிட்டது. அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன்.

சங்கைக் கொடுத்தவன் அண்ணன்தான், ஆனால் அவனாக விரும்பிக் கொடுக்கவில்லை. குட்டையாக ஊதுவதற்குத்தான் முதலில் கொடுத்தான். மூன்று நீளம் ஊதட்டுமா என்று கேட்டபோது முகம் மாறிவிட்டது. "அது கடல்ல மாட்டினவனோட வார்த்தை நெரெய்தா. அதைக் குப்பைக்கு எடுக்காதே" என்றான். நான் விடவில்லை. அந்த வாரம் ஆமைக்குஞ்சு ஒன்று பிளாஸ்டிக் வளையத்துக்குள் சிக்கிச் செத்துக் கிடந்ததை உள்ளங்கையில் வைத்துக் காட்டி அழுதேன். எனக்கு அழுகை வந்தால் அவனால் தாங்க முடியாது என்று தெரிந்துதான் அழுதேன். "சரி, ஊதித் தொலை, அழாதே" என்றான். அவ்வளவுதான். அவன் வார்த்தையை அவனிடமிருந்தே அழுது வாங்கிக்கொண்டேன்.

அந்தக் காலையைப் பற்றி உங்களுக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. நான் ஓடினேன் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றித்தான். இப்போது எழுத முடியவில்லை.

நெரெய்தா


லாஸ் ஊவாஸ்,
8 ஜனவரி

நெரெய்தா,

கிறிஸ்துமஸுக்குப் பதில் போட மனசில்லை. ஒரு ஆளுக்குச் சமைச்சு, ஒரு ஆளாத் தின்னு, படுத்துட்டேன்.

உன் கடிதத்தைப் படிச்சேன். வலையைப் பத்தி எழுதினது சரிதான். நானும் நினைச்சிருக்கேன், வாயால சொல்லலை. தலை பின்னிவிட்டதைப் பத்தி அவன் எங்கிட்ட சொன்னதே இல்லை. எங்கிட்ட சொல்லாதது ஒண்ணு உங்கிட்ட இருக்கேன்னு பொறாமையா இருந்துச்சு. அப்புறம் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

இங்க ஒண்ணு நடந்து போச்சு. மூவரசர் திருநாளுக்கு முதல் நாள் சாகோ தனியாக் கடலுக்குப் போனான். மோட்டார் நின்னு போய், காத்து இழுத்துட்டுப் போயிருச்சு. ஆள் வரலை. ஒரு முழு நாள் கழிச்சுக் கிழக்கே அடுத்த ஊர்க்காரங்க பார்த்து இழுத்துட்டு வந்தாங்க. உதடெல்லாம் உப்புல வெடிச்சு, பேச முடியாம வந்து சேர்ந்தான். கரையில இருந்து நாங்க கண்ணால பார்க்கிற தூரத்துலதான் முதல்ல ரொம்ப நேரம் கிடந்திருக்கான். படகுல சங்கு இருந்துதாம். ஊதலையாம்.

"ஏன்டா ஊதலே, வாயில என்ன, கொழுக்கட்டையா?"ன்னு கேட்டேன்.

"ஊதினா யாரு வருவா அக்கா?"ன்னான்.

ஊர்ல எல்லாரும் நின்னுட்டிருந்தாங்க. அவன் என்னைப் பார்த்துத்தான் கேட்டான். நான் உள்ளே போயிட்டேன்.

நீ என்னமோ அந்தக் காலையைப் பத்தி இருக்குன்னு பாதில விட்டிருக்கே. எனக்கு இந்த வேலையெல்லாம் ஆகாது. சொல்லணும்னா சொல்லு, இல்லேன்னா ஆரம்பிக்காதே. மூணு வாரமாத் தூக்கம் போச்சு. எழுது.

சுனில்தா


சந்தியாகோ,
3 பிப்ரவரி 2019

அண்ணி,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதைப் படித்த பிறகு நீங்கள் என்னை அண்ணி என்று கூப்பிட விடுவீர்களோ இல்லையோ, அதனால் மேலேயே எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். எட்டு வாரமாக ஊதி ஊதி என் மேலுதடு வெடித்து வீங்கியிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தான். "மூஞ்சியைப் பாரு. நாளைக்கு நீ ஊத வேண்டாம். விடியறதுக்கு முன்னாடி போயிட்டு ஏழு மணிக்குள்ள வந்துருவேன். கரையேறினதும் உனக்காக நானே ஊதறேன், நீ சாக்கை மட்டும் எடுத்துட்டு வா" என்றான். கதவருகே ஆணியில் தொங்கிய சங்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். அதுதான் நான் அவனை உயிரோடு கடைசியாகப் பார்த்தது.

சனிக்கிழமை ஏழு மணிக்குச் சங்கு கேட்டது. மூன்று நீளம். நான்தான் ஊதுகிறேன் என்று ஊர் முழுக்க நினைத்தது. அது நான் இல்லை என்று ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி நான். சங்கு அவன் படகில் இருக்கிறது என்று தெரிந்தவளும் நான் ஒருத்திதான். அப்படியும் எனக்கு உறைக்கவில்லை. அண்ணன் கரையேறிவிட்டான், சொன்ன சொல் மாறாமல் எனக்காக ஊதுகிறான் என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது அண்ணி. வேண்டாம் என்று சொன்னவனே இப்போது நம் பக்கம் வந்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன்.

அப்போதுதான் காபி வடித்திருந்தேன். கோப்பையோடு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மூன்று நீளம். "வர்றேன் வர்றேன், பறக்காதே" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது தடவை இரண்டுதான் வந்தது. மூச்சு வாங்குது ஆளுக்கு, வயசாச்சு என்று சிரித்தேன். அதற்கப்புறம் ஊதவில்லை. காபியை முடித்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். சாக்குகளை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நான் ஓடவில்லை. நடந்து வந்தேன். குப்பை அள்ளத்தான் வந்தேன். கரையில் யாரும் இல்லை, அண்ணனும் இல்லை, அப்போதுதான் தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் ஓடினேன், கத்தினேன். ஊர் அதை மட்டும் பார்த்தது. "நெரெய்தாதான் முதலில் ஓடினாள்" என்றது. நீங்களும் அதை எனக்குக் கணக்கில் வைத்து ஒரு கடிதம் போட்டீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு அந்தப் பேரை வாங்கிக்கொண்டேன்.

ஊருக்கு மன்னிப்பு உண்டு, அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இனி நான் வரலாமா என்று கேட்க மாட்டேன்.

நெரெய்தா


சந்தியாகோ,
17 மார்ச் 2019

அண்ணி,

ஆறு வாரம் ஆகிறது. தினோ பஸ் வரும் நாளெல்லாம் நிறுத்தத்துக்குப் போகிறேன். அவர் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டுகிறார். நேற்று, "அவங்க வீட்டு வாசல்ல ஹாரன் அடிச்சேன் நெரெய்தா, வெளிய வரலை" என்றார்.

தவக்காலம் பிறந்துவிட்டது. லிசெத் பீன்ஸ் இனிப்புக் காய்ச்சினாள். தேங்காய்ப்பால் போதவில்லை, சர்க்கரைவள்ளியை மறந்தே போனாள். ஒவ்வொரு வருஷமும் மூடி போட்ட கிண்ணத்தில் நீங்கள் எனக்குக் கொடுத்து அனுப்புவது ஞாபகம் வந்தது. அண்ணன் வழியிலேயே கால் கிண்ணத்தைத் தின்றுவிட்டு, குழி விழுந்தது தெரியாமல் இருக்க விரலால் தடவிச் சமப்படுத்திக் கொண்டுவருவான். நான் கண்டும் காணாத மாதிரி இருப்பேன்.

பதில் வேண்டாம். நன்றாக இருக்கிறீர்கள் என்று மட்டும் தினோவிடம் வாயால் சொல்லி அனுப்புங்கள்.

நெரெய்தா


லாஸ் ஊவாஸ்,
7 ஏப்ரல்

நெரெய்தா,

தினோ ஹாரன் அடிச்சப்போ நான் வீட்டுக்குள்ளதான் இருந்தேன். கதவுக்குப் பின்னால நின்னுட்டு இருந்தேன். எழுதத் தைரியம் வரலை. எனக்கா தைரியம் இல்லைன்னு சிரிக்காதே.

உன் கடிதத்தைப் படிச்சு முடிச்சதும் நான் செஞ்ச முதல் காரியம், சாகோ வீட்டுக்குப் போனது. அவன் வலை பிரிச்சிட்டு இருந்தான். "சாகோ, அன்னைக்கு நான் உங்கிட்ட என்ன சொன்னேன், சொல்லு"ன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "விடுங்க அக்கா"ன்னான். ஒன்றரை வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொல்லலை அந்தப் பிள்ளை. நான் சொல்லாத வரைக்கும் அவனும் சொல்ல மாட்டான். அதனால இப்ப உங்கிட்ட நான் சொல்றேன்.

அன்னைக்குக் காலைல நான் பின்னால கொடியில துணி போட்டுட்டு இருந்தேன். சாகோ வந்து அடுப்படிப் படியில உக்காந்திருந்தான், வாழைக்காய் வறுத்துக் குடுங்கக்கான்னு. சங்கு கேட்டுச்சு. அவன் எந்திரிச்சான். காது தீட்டிக் கேட்டான். "அக்கா, இது கரைல இருந்து வர்ற மாதிரி இல்லையே, தண்ணிக்குள்ள இருந்தில்ல வருது"ன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உக்காருடா. அது எங்க வீட்டுச் சங்கு. விளிம்பு உடைஞ்சது, கடைசில கம்மும். எனக்குத் தெரியாதா? என் நாத்தனார் மூட்டை தூக்க ஆள் கூப்பிடுறா"ன்னேன். அவன் உக்காந்துட்டான். ரெண்டாவது தடவை கேட்டப்போ மறுபடியும் எந்திரிச்சான். நான் தட்டை அவன் கையில குடுத்தேன். "ஆறிப்போகும், தின்னு"ன்னேன்.

அவன் படகு வாசல்லயே கிடந்துச்சு நெரெய்தா. மோட்டாரோட.

எங்க வீட்டுச் சங்குன்னு சரியாத்தான் சொன்னேன். ஊதின வாய் யாருதுன்னு மட்டும் தெரியாமப் போச்சு. பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவ.

ஒன்பதாம் நாள் உன்னை அத்தனை பேர் முன்னால ஏசினேனே, கோபத்துல இல்லைடி. சாகோ கதவுக்கிட்ட நின்னுட்டு இருந்தான். அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள யார் மேலயாவது பழியைப் போட்டுடணும்னு இருந்துச்சு. நீ பக்கத்துல நின்னே. நீ இந்த ஊர்ல இருந்தா உன் முகத்தைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு அது வாய் வரைக்கும் வரும். அதான் துரத்தினேன். நீ காபி குடிச்சேன்னு ஒன்றரை வருஷம் தின்னாம தூங்காம கிடந்திருக்கே. நான் உன் தலைல பழியைப் போட்டுட்டு ஜம்முனு பூசைக்குப் போயிட்டு வந்திருக்கேன்.

சங்கு எங்கிட்டதான் இருந்துச்சு. கயித்தால அவன் மணிக்கட்டுல கட்டியிருந்துச்சு, அவுத்துக் குடுத்தாங்க. அவனோட ஞாயித்துக்கிழமைச் சட்டையில சுத்திப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தேன். உன் கடிதத்தைப் படிச்ச அன்னைக்கே அதைச் சாகோ கையில குடுத்தேன். "படகுல வெச்சுக்கோ. இனிமே ஆபத்துன்னா ஊது. வேற எதுக்கும் ஊதாதே. ஊதினா நான் வருவேன், வேற யார் வந்தாலும் வராட்டியும்"னு சொன்னேன். ஊர்லயும் வீடு வீடாப் போய்ச் சொன்னேன். சாகோவை உக்கார வெச்ச கதையையும் சேர்த்துத்தான் சொன்னேன். கடைக்காரர் மட்டும், "நானும் ரேடியோவைச் சத்தமா வெச்சேன் சுனில்தா"ன்னார். ஆளுக்கு ஒண்ணு உள்ளுக்குள்ள வெச்சிருக்காங்க போல.

போன வியாழக்கிழமை மத்தியானம் துணி துவைச்சிட்டு இருந்தேன். மூணு நீளம் கேட்டுச்சு. அதே சங்கு. கடைசில கம்மிச்சு. கை பூரா சோப்பு நுரையோட ஓடினேன், செருப்பு எங்க போச்சுன்னு தெரியாது. நான்தான் முதல் ஆள். திரும்பிப் பார்த்தா ஊரே பின்னால வருது. சாகோ படகு மோட்டார் நின்னு, பவளப்பாறையைப் பார்த்து இழுத்துட்டுப் போகுது, உங்கண்ணன் கவுந்த அதே இடம். ரெண்டு படகை இறக்கினாங்க, கயிறு போட்டுக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. பத்து நிமிஷம்கூட ஆகலை. கரையேறினதும் சாகோ, "வந்துட்டீங்களே அக்கா"ன்னு என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். எனக்கு அழுகை வரலை. கால் தானா ஓடுச்சே, அன்னைக்கும் இப்படித்தானே ஓடியிருக்கும், நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா, அப்படின்னு நினைச்சுட்டே நின்னேன்.

நேத்து சனிக்கிழமை. பெரிய சோத்துச் சட்டியை எடுத்துட்டுப் போய்க் கரையில நின்னு கரண்டியால தட்டினேன். காது கிழியிற சத்தம். குப்பைக்கு இனிமே சட்டிதான், சங்கு இல்லை. ஒன்பது பேர் வந்தாங்க. அள்ளறதுக்கு ஒரு சாக்கு இல்லை, எல்லாத்தையும்தான் வீம்புக்கு உனக்கு அனுப்பிட்டேனே. படுதாவுல வாரிப் போட்டோம்.

வா. பெரிய வெள்ளிக்கு முன்னாடி வந்துரு. கல்லறைக்குச் சேர்ந்து போவோம். என்னை மன்னிச்சுட்டு வா, இல்லேன்னா மன்னிக்காம வா, ரெண்டும் எனக்குச் சரிதான். சாக்கைக் கொண்டு வா.

கிண்ணத்துல பீன்ஸ் இனிப்பு வெச்சிருக்கேன். சர்க்கரைவள்ளி போட்டிருக்கு. குழி விழுந்திருந்தா தினோவைக் கேளு.

சுனில்தா


சந்தியாகோ,
13 ஏப்ரல் 2019

அண்ணி,

கிண்ணம் வந்தது. குழி விழாமல் முழுசாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

புதன்கிழமை தினோ பஸ்ஸில் வருகிறேன். சாக்குகள் இருபத்தொன்பது வருகின்றன, லிசெத் எடுத்த ஒன்று திரும்ப வராது, கூந்தல் ஒட்டிக்கொண்டது. அவள் அழுகிறாள், திட்டுகிறாள், எனக்கு ரவிக்கை மடித்து வைக்கிறாள்.

மன்னிப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்களை மன்னிக்க நான் யார் என்று தெரியவில்லை. சாகோவை உட்கார வைத்த வரியை விட எனக்கு வேறொரு வரிதான் வலிக்கிறது. பத்து நிமிஷம்கூட ஆகலை என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரி. அவன் முதல் தடவை ஊதியதிலிருந்து நான் கரைக்கு வந்து சேரும் வரை முக்கால் மணி நேரம் ஆனது. பத்து நிமிஷம் போதும் என்று நான் இதுவரை நினைத்ததே இல்லை. இதை உங்கள் மேல் பழியாக எழுதவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டியது என்பதற்காக எழுதுகிறேன்.

சனிக்கிழமை சட்டியை நீங்கள் தட்டுங்கள். நான் சாக்கைப் பிடித்துக்கொள்கிறேன். ஆமைகள் வரும் மாதம் ஆகிவிட்டது, அதற்குள் பாதிக் கரையாவது அள்ளிவிட வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் வாசல் ஏறினதும் வழக்கம்போலக் காபி வடித்துக் கோப்பையைக் கையில் நீட்டுவீர்கள். வேண்டாம் என்பேன். ஏன் என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். அன்று அண்ணன் மூன்றாவது தடவை ஊதும்போது என் கோப்பையில் பாதி இருந்தது. மிச்சத்தைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்திருக்கலாம். சூடாக இருக்கிறதே, வீணாக வேண்டாம் என்று குடித்து முடித்தேன். தண்ணீர் கொடுங்கள், போதும்.

நெரெய்தா